குளிர்ப்பாய்ச்சல்: எக்ஸ்-கதிர் வானியலில் ஒரு கோட்பாட்டின் எழுச்சியும் வீழ்ச்சியும்

வானியல் விஞ்ஞானங்களுள் மிகப் பழையது. ஆயின், அதன் கிளைகளுள் ஒன்றாகிய எக்ஸ்-கதிர் வானியல் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை தோன்றவே இயலாதிருந்தது. விண்ணிலிருந்து வரும் எக்ஸ்-கதிர்களைப் புவியின் வளிமண்டலம் முற்றாக உறிஞ்சிவிடுகின்றமையே இதற்குக் காரணமாகும். மிக உயர்ந்த மலைச் சிகரத்திலே தொலைகாட்டியை நிறுவினாலும் இக்கதிர்களைக் காணல் இயலாது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் ஜேர்மனியரிடமிருந்து கைப்பற்றப்பட்ட வி-2 றொக்கற்றுகள் அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோப் பாலைவனத்திலிருந்து ஏவப்பட்டபோதுதான் விஞ்ஞானிகளின் கருவிகள் முதன்முறையாக இத்திரைக்கு மேலே சென்றன. அவ்வாறு அனுப்பப்பட்ட கருவியொன்றைக் கொண்டு, அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஹேர்பேட் பிறீட்மன் 1949 இல் ஞாயிறு எக்ஸ்-கதிர்களை வீசுகின்றது என்பதை உறுதிப்படுத்தினார்.

இக்கண்டுபிடிப்பு ஊக்கமளிப்பதற்குப் பதிலாகச் சோர்வையே தந்தது எனலாம். ஞாயிறு வீசும் எக்ஸ்-கதிர்கள் அதன் ஒளியோடு ஒப்பிடும்போது மிகச் சொற்பம். ஏனைய விண்மீன்களும் இவ்வளவே வீசுமாயின், அவற்றின் பெருந்தூரம் காரணமாக எக்கருவியாலும் அவற்றை உணர முடியாது என்று பலர் கருதினர். 1962 யூன் 18 ஆம் திகதி றிக்கார்டோ ஜியாக்கோனி, ஹேர்பேட் கேர்ஸ்கி, பிறாங் பவுலினி, புறூனோ றொஸி ஆகியோரது கருவியைத் தாங்கி ஒரு சிறிய றொக்கற்று எழுந்தபோது, அதன் வெளிப்படையான நோக்கம் சந்திரனின் மேற்பரப்பிலிருந்து வரக்கூடிய எக்ஸ்-கதிர்களைத் தேடுவதாகவே இருந்தது. அக்கருவி 80 கிலோமீற்றர் உயரத்துக்கு மேலே நின்றது ஆறு நிமிடங்களுக்கும் குறைவான நேரமே. சந்திரனிலிருந்து எதுவும் கிடைக்கவில்லை. ஆனால் விருச்சிக ராசியின் திசையிலே, எவரும் எதிர்பாராத பேரொளிர்வுடைய எக்ஸ்-கதிர் மூலமொன்று புலப்பட்டது. எக்ஸ்-கதிர் வானியலின் பிறப்பு இதுவே என்பர். ஜியாக்கோனிக்கு 2002 இல் நோபல் பரிசு கிடைத்தமைக்கு இந்த ஆறு நிமிடங்களும் அவற்றைத் தொடர்ந்த நாற்பது ஆண்டு உழைப்பும் காரணங்களாயின.

விருச்சிக மூலமும் அதுபோன்ற பிறவும் நமது விண்மீன்மண்டலத்துக்கு உட்பட்டவை. எக்ஸ்-கதிர் வானியலின் மிகக் கடினமான வழக்கு இவற்றைப் பற்றியதன்று. ஆயிரக்கணக்கான விண்மீன்மண்டலங்கள் ஒன்றையொன்று ஈர்த்துக் கூடிநிற்கும் பெருங்கொத்துகளிலே நிரம்பியுள்ள வாயுவைப் பற்றியது அது. அவ்வாயு குளிர்ந்து நடுவை நோக்கிப் பாய்கின்றது என்ற கோட்பாடு 1977 இல் எழுந்தது. கால் நூற்றாண்டுக் காலம் ஆட்சி செலுத்தியது. பின்னர் இரண்டு செய்மதிகளின் சாட்சியத்தால் வீழ்ந்தது. இவ்வரலாற்றை நோக்குமிடத்து, ஒரு கணிப்பு பிழையின்றி இருந்தும் அதன் முடிவு பிழையாகிவிடக்கூடும் என்பது புலனாகும்.

கொத்துகளின் கதை ஒரு தவறான அவதானிப்போடு தொடங்குகின்றது. 1966 இல் ஒரு குழுவினர், கோமாக் கொத்தின் திசையிலிருந்து எக்ஸ்-கதிர்கள் வருவதாக அறிவித்தனர். உடனே பெல்ற்றன், கூல்ட், ஸ்ரைன், வூல்வ் ஆகிய நால்வரும் அதற்கு விளக்கம் எழுதினர். மண்டலங்களுக்கு இடைப்பட்ட வெளியில் பல கோடி பாகை வெப்பநிலையுடைய வாயு பரந்திருக்குமாயின், அதில் விரையும் இலத்திரன்கள் அணுக்கருக்களை அணுகித் திசை திரும்பும்போது எக்ஸ்-கதிர்கள் பிறக்கும் என்பதே அவர்களது விளக்கம். பின்னர் வந்த அளவீடுகள் அந்த அறிவிப்பை உறுதிப்படுத்தவில்லை. ஆயினும் அதற்காக எழுதப்பட்ட விளக்கம் சரியென்றே முடிந்தது. இல்லாத சான்றுக்கு எழுதப்பட்ட சரியான விளக்கம் என இதனைக் கூறலாம். விஞ்ஞான வரலாற்றிலே இத்தகைய நிகழ்ச்சிகள் பாடநூல்கள் காட்டுவதைவிட அதிகம். அதே 1966 இல் பிறீட்மனின் குழுவினர் கன்னிக் கொத்தின் நடுவே உள்ள எம் 87 என்னும் மண்டலத்திலிருந்து எக்ஸ்-கதிர்கள் வருவதை வெளியிட்டனர். பேர்சியஸ் கொத்தும் 1970 இல் ஏவப்பட்ட றொக்கற்று ஒன்றினால் இப்பட்டியலிற் சேர்ந்தது.

றொக்கற்றுகளின் சில நிமிடப் பார்வைக்கு முற்றுப்புள்ளி வைத்தது 'உகுரு' என்னும் செய்மதியாகும். 1970 டிசெம்பர் 12 ஆம் திகதி, கென்யாவின் கரைக்கு அப்பால் இந்து சமுத்திரத்தில் நிறுவப்பட்டிருந்த இத்தாலிய ஏவுமேடையிலிருந்து அது செலுத்தப்பட்டது. அன்று கென்யாவின் சுதந்திர தினம். சுவாகிலி மொழியில் உகுரு என்றாற் சுதந்திரம் என்று பொருள். விண்ணை முழுமையாகத் துழாவிய முதலாவது எக்ஸ்-கதிர்ச் செய்மதி இதுவே. இதன் இறுதிப் பட்டியலில் 339 மூலங்கள் இடம்பெற்றன. அவற்றுட் பல கொத்துகளாக இருந்தன. அவற்றின் கதிர்வீச்சு ஒரு புள்ளியிலிருந்து வரவில்லை; பல இலட்சம் ஒளியாண்டு அகலமான பரப்பிலிருந்து வந்தது. ஆகவே தனித்தனி விண்மீன்மண்டலங்கள் மாத்திரம் அதற்குக் காரணமாக இருத்தல் இயலாது என்பது தெளிவாயிற்று.

எனினும் பரந்த கதிர்வீச்சைச் சூடான வாயுவைக் கொண்டு மட்டுமன்றி, ஒளிவேகத்தை நெருங்கிய இலத்திரன்களைக் கொண்டும் விளக்கலாம். இவ்விரண்டினுள் எது உண்மை என்பதைத் தீர்த்தது இரும்பு. 1974 இல் அதே கென்ய மேடையிலிருந்து ஏவப்பட்ட பிரித்தானியச் செய்மதியாகிய ஏரியல்-5, பேர்சியஸ் கொத்தின் நிறமாலையில் ஏறத்தாழ 7 கிலோ இலத்திரன் வோல்ற்றுச் சத்தியிலே ஒரு கோட்டைக் கண்டது. மிச்செலும் அவரது உடனாய்வாளர்களும் 1976 இல் இதனை வெளியிட்டனர். தனக்குரிய இருபத்தாறு இலத்திரன்களுள் இரண்டொன்றை மாத்திரம் வைத்துக்கொண்டு ஏனையவற்றை இழந்துவிட்ட இரும்பு அணுக்களின் அடையாளமே அது. அணுக்களை அவ்வளவு தூரம் உரிக்கவல்லது கோடிக்கணக்கான பாகை வெப்பநிலையே. இதனால் வாயு உண்டென்பது நிறுவப்பட்டது. அத்தோடு இன்னொன்றும் வெளிப்பட்டது. இரும்பு விண்மீன்களினுள்ளும் அவற்றின் வெடிப்புகளிலும் மாத்திரம் உருவாவது. எனவே அவ்வாயு ஆதியிலிருந்தே தீண்டப்படாது கிடந்த வாயுவன்று; விண்மீன்களினூடாக ஒருமுறை சென்று வந்த பொருள் அதிற் கலந்திருக்கின்றது. ஞாயிற்றில் உள்ள இரும்பின் விகிதத்தில் மூன்றிலொரு பங்களவு இக்கொத்து வாயுவிற் காணப்படுகின்றது.

இவ்வாயுவின் இயல்பு கற்பனைக்கு எளிதில் அகப்படுவதன்று. அதன் வெப்பநிலை ஞாயிற்றின் மையத்தினதை விடவும் உயர்ந்தது. பெருங்கொத்துகளில் அது பத்துக் கோடி பாகையை எட்டும். அடர்த்தியோ மிகச் சொற்பம். கொத்தின் நடுவிலேகூட ஒரு கன சென்றிமீற்றரில் ஓர் இலத்திரனின் சிறு பின்னமே சராசரியாக இருக்கும். நாம் சுவாசிக்கும் காற்றின் ஒரு கன சென்றிமீற்றரில் மூலக்கூறுகள் கோடி கோடியாக உள்ளன. ஆயினும் அது பரந்துள்ள கனவளவு அளப்பரியது என்பதால், பெருங்கொத்துகளில் இவ்வாயுவின் மொத்தத் திணிவு கொத்தின் விண்மீன்கள் யாவற்றினதும் திணிவைப் போலப் பன்மடங்காகும். கண்ணாற் காணப்படும் கொத்து உண்மைக் கொத்தின் சிறு கூறே. (அவ்விரண்டினையும் விடப் பெரிய திணிவு ஒளிராப் பொருளாக இருக்கின்றது, 1933 இல் சுவிக்கி கோமாக் கொத்தை ஆராய்ந்து வெளியிட்ட இம்முடிவு தனியாக எழுதப்படவேண்டிய வரலாறு.)

எக்ஸ்-கதிரை வீசும் வாயு தன் சத்தியை இழக்கின்றது. சத்தியை இழப்பது குளிரவேண்டும். கோட்பாட்டின் அடிப்படை இவ்வளவே. வாயு கதிர்வீசும் வேகம் அதன் அடர்த்தியின் வர்க்கத்துக்கு விகிதசமமானது. ஆகவே அடர்த்தி குறைந்த புறப்பகுதி குளிர்வதற்கு அண்டத்தின் வயதினும் நீண்ட காலம் செல்லும். ஆயின், அடர்ந்த நடுப்பகுதி நூறு கோடி ஆண்டுகளுக்குள்ளாகவே குளிர்ந்துவிடும். நடுப்பகுதி குளிரும்போது அதன் அமுக்கம் தளர்கின்றது. மேலே நிற்கும் வாயுவின் பாரம் அதனை நெருக்குகின்றது. நெருக்கப்பட்ட வாயு மேலும் அடர்கின்றது. அடர்ந்தது மேலும் விரைந்து குளிர்கின்றது. இவ்வாறு வாயு இடையறாது நடுவை நோக்கி இறங்கிக்கொண்டிருக்க வேண்டும். லெனொக்ஸ் கௌவி, ஜேம்ஸ் பின்னி ஆகிய இருவரும், அன்ட்றூ பேபியன், போல் நுல்சன் ஆகிய இருவரும் 1977 இல் தனித்தனியே இக்கருத்தை விரித்தெழுதினர். 'குளிர்ப்பாய்ச்சல்' என்னும் பெயர் நிலைத்தது.

பேர்சியஸ் கொத்து இக்கோட்பாட்டுக்கு இயல்பான உரைகல்லாயிற்று. புவியிலிருந்து ஏறத்தாழ 24 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள இக்கொத்தே எக்ஸ்-கதிரில் வானத்தின் மிகப் பிரகாசமான கொத்தாகும். அதன் நடுவே என்.ஜி.சி. 1275 என்னும் பெருமண்டலம் உள்ளது. அம்மண்டலத்தைச் சுற்றிச் செந்நிற ஒளியுடன் நூல்நூலாக நீண்டு கிடக்கும் வாயு இழைகள் கண்ணொளித் தொலைகாட்டிகளில் முன்னரே அறியப்பட்டிருந்தன. பாய்ந்துவரும் வாயு குளிர்ந்து உறைவதன் காட்சியே இவை என்று கருதுவதற்கு இடமிருந்தது. 1978 நவம்பரில் ஏவப்பட்ட ஐன்ஸ்ரைன் செய்மதி, தொலைவிலுள்ள எக்ஸ்-கதிர் மூலங்களை முதன்முறையாகப் படமாகக் காட்டியபோது, பல கொத்துகளின் நடுப்பகுதி கூர்மையாக ஒளிர்வதும் அங்கே வாயு குளிர்ச்சியாக இருப்பதும் தெரிந்தன. கோட்பாடு எதிர்பார்த்ததும் அதுவே.

இடர்ப்பாடு வேறோரிடத்தில் இருந்தது. பெருங்கொத்துகளில் ஆண்டொன்றுக்கு நூற்றுக்கணக்கான ஞாயிறுகளின் திணிவுக்குச் சமமான வாயு குளிர்ந்து வீழவேண்டும் என்பது கணிப்பு. சிலவற்றில் ஆயிரம் எனவும் மதிப்பிடப்பட்டது. நமது மண்டலம் முழுவதிலும் ஆண்டொன்றுக்குப் புதிதாகத் தோன்றும் விண்மீன்களின் திணிவு இரண்டொரு ஞாயிறுகளுக்கே சமம் என்பதை ஈண்டு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். ஆண்டுக்கு 300 ஞாயிறுகள் வீதம் ஆயிரம் கோடி ஆண்டுகள் பாய்ந்திருப்பின் மூன்று இலட்சம் கோடி ஞாயிறுகளின் பொருள் நடுவிலே குவிந்திருக்கும். அது எங்கே? புதிய விண்மீன்களாக மாறியிருப்பின் நடுமண்டலங்கள் இளம் விண்மீன்களின் நீல ஒளியாற் பிரகாசித்திருக்கும். அவை அவ்வாறில்லை. குளிர்ந்த வாயுவாகக் கிடப்பின் வானொலித் தொலைகாட்டிகள் அதனைக் கண்டிருக்கும். நெடுங்காலம் ஏதும் அகப்படவில்லை. 2001 அளவில் நடுமண்டலங்கள் சிலவற்றில் குளிர்ந்த மூலக்கூற்று வாயு உறுதியாகக் கண்டறியப்பட்டபோதும், அதன் அளவு எதிர்பார்த்ததின் சிறு பங்காகவே இருந்தது.

இந்நிலையில் கோட்பாட்டாளர் காணாமற்போன பொருளுக்கு மறைவிடங்களைத் தேடலாயினர். கண்ணுக்குப் புலப்படாத மிகச் சிறிய விண்மீன்களாகவே அது மாறுகின்றது என்றனர் சிலர். மிகக் குளிர்ந்த முகிற் கூறுகளாக ஒளிந்திருக்கின்றது என்றனர் வேறு சிலர். அத்தகைய முகில்கள் எக்ஸ்-கதிர்களை உறிஞ்சுவதன் அடையாளம் தென்படுவதாக 1991 இல் ஒரு சான்றும் முன்வைக்கப்பட்டது. இவற்றை இன்று வாசிப்போர் நகைத்தல் எளிது. அது நியாயமாகாது. எக்ஸ்-கதிர்கள் வெளியேறுவது அளக்கப்பட்ட உண்மை. அவை கொண்டுசெல்லும் சத்திக்கு ஈடாக எங்கிருந்தாவது வெப்பம் வந்தாலன்றி வாயு குளிர்ந்தே ஆகவேண்டும். அவ்வெப்பத்தின் மூலம் எதுவென்று எவராலும் சான்றுடன் காட்ட முடியாதிருந்த நிலையில், கணிப்பை நம்பியோர் அறிவுக்கு மாறாக நடந்தனர் என்று சொல்ல இயலாது.

வெப்ப மூலம் அவர்கள் கண்ணெதிரேயே இருந்தது என்பதுதான் இவ்வரலாற்றின் விசித்திரம். கொத்துகளின் நடுமண்டலங்கள் பல வானொலி அலைகளை வலிமையாக வீசுவன. எம் 87 இன் நடுவிலிருந்து ஒரு தாரை வெளிப்படுவது 1918 இலேயே படம்பிடிக்கப்பட்டிருந்தது. இத்தகைய செயற்பாடுகளுக்குப் பெருந்திணிவுடைய கருந்துளைகள்மேற் பொருள் வீழ்வதே காரணம் என்ற எண்ணம் 1960களில் வேரூன்றியிருந்தது. ஆயின், கருந்துளை ஆராய்ச்சியும் கொத்துவாயு ஆராய்ச்சியும் பெரும்பாலும் தனித்தனி வழிகளிலே சென்றன. 1993 இல் கவின் தாபரும் பின்னியும் நீள்வட்ட மண்டலங்களின் வாயுவை நடுவிலுள்ள கருந்துளையின் செயற்பாடு சூடாக்கக்கூடும் என்று எழுதினர். பாய்ச்சற் கோட்பாட்டை 1977 இல் எழுதிய நால்வருள் ஒருவரே இவ்வாறு மாறுபட்டு நின்றமை குறிப்பிடத்தக்கது. அதே ஆண்டில் ஹான்ஸ் போறிங்கரும் அவரோடு சேர்ந்தோரும், 1990 இல் ஏவப்பட்ட றோசற் செய்மதியின் படங்களில், பேர்சியஸ் கொத்தின் நடுவே எக்ஸ்-கதிர் குன்றிய இரு குழிவுகளைக் காட்டினர். வானொலி அலைகளை வீசும் இரு மடல்கள் அமைந்துள்ள அதே இடங்களில் அக்குழிவுகள் இருந்தன. கருந்துளையிலிருந்து புறப்பட்ட தாரைகள் வாயுவை ஒதுக்கித் தள்ளியிருந்தன. இக்கட்டுரையை எழுதியவர்களுள் பேபியனும் ஒருவர்.

1999 இல் இரு பெரிய கருவிகள் விண்ணை அடைந்தன. யூலை 23 ஆம் திகதி கொலம்பியா விண்ணோடம் சந்திரா தொலைகாட்டியை ஏற்றிச் சென்றது. இதற்கான முன்மொழிவை ஜியாக்கோனியும் ஹாவி ரனன்போமும் 1976 இல் சமர்ப்பித்திருந்தனர். எண்ணத்துக்கும் ஏவலுக்கும் இடையே இருபத்துமூன்று ஆண்டுகள் கழிந்தன. 1983 இல் நோபல் பரிசு பெற்ற தமிழராகிய சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயரையே இத்தொலைகாட்டி தாங்குகின்றது. லாகூரிற் பிறந்து சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்ற அவர், பத்தொன்பது வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலிற் செல்லும்போது தொடங்கிய கணிப்பு, விண்மீன்கள் எல்லையின்றிச் சுருங்குவதைப் பற்றிய ஆராய்ச்சிக்கு வித்திட்டது. அவர் 1995 இற் காலமானார். தன் பெயர்கொண்ட தொலைகாட்டியை அவர் கண்டதில்லை. சந்திராவின் சிறப்பு அதன் கூர்மை. அதே ஆண்டு டிசெம்பரில் ஐரோப்பியர் ஏவிய எக்ஸ்.எம்.எம்.-நியூற்றன் செய்மதியின் சிறப்போ பெரிய ஆடிப்பரப்பும் நுண்ணிய நிறமாலைமானியும் ஆகும்.

கோட்பாட்டை வீழ்த்தியது படமன்று; நிறமாலை. வாயு பல கோடி பாகையிலிருந்து சில ஆயிரம் பாகைக்குக் குளிர்ந்து இறங்குமாயின், இடையிலுள்ள எல்லா வெப்பநிலைகளையும் அது கடந்தாக வேண்டும். ஏறத்தாழ ஐம்பது இலட்சம் பாகையை அடையும்போது, பதினாறு இலத்திரன்களை இழந்த இரும்பு அணுக்கள் தமக்கே உரிய கோடுகளை வலிமையாக வீசும். ஆண்டுக்குப் பல நூறு ஞாயிறுகள் பாய்கின்றன என்றால் அக்கோடுகள் இன்ன பிரகாசத்துடன் தெரியவேண்டும் எனத் திட்டமாகக் கணிக்கலாம். ஜோன் பீற்றர்சனும் உடனாய்வாளர்களும் எக்ஸ்.எம்.எம்.-நியூற்றனின் கருவியை ஏபெல் 1835 என்னும் கொத்தின்மீது செலுத்தி, அதன் முடிவை 2001 இல் வெளியிட்டனர். எதிர்பார்த்த கோடுகள் அங்கே இல்லை. அவர்களே 2003 இல் வேறு பல கொத்துகளையும் ஆராய்ந்தபோது அதே முடிவு கிடைத்தது. வாயு நடுவை நோக்கிக் குளிர்கின்றது. புறவெப்பநிலையின் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குக்கு இறங்குகின்றது. அதற்குக் கீழே பெருமளவு இறங்கவில்லை. பாய்ச்சல் எனப் பெயரிடப்பட்டது பாயவில்லை. எந்த மறைவிடமும் இப்போது உதவாது. ஏனெனில் பொருள் இறுதியில் எங்கே ஒளிந்திருப்பினும், வழியிலே அது இந்த வெப்பநிலையைக் கடந்திருக்க வேண்டும்.

குளிர்ச்சியைத் தடுப்பது எது என்பதற்குச் சந்திராவின் படங்கள் விடை கூறின. பேபியனும் குழுவினரும் பேர்சியஸ் கொத்தை நாட்கணக்காக அவதானித்தனர். றோசற் மங்கலாகக் காட்டிய குழிவுகள் தெளிவான குமிழிகளாகத் தெரிந்தன. அவற்றுக்கு அப்பால், முன்னொரு காலத்தில் ஊதப்பட்டு மேலெழுந்த பழைய குமிழிகளும் காணப்பட்டன. 2003 இல் அறிவிக்கப்பட்ட மேலுமொரு செய்தி, இக்குமிழிகளைச் சுற்றி வளையம் வளையமாகப் பரவும் மெல்லிய அமுக்க அலைகளைப் பற்றியது. அவை ஒலியலைகளே, ஓர் அலைக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட காலம் ஏறத்தாழ ஒரு கோடி ஆண்டு. பியானோவின் நடுச் சுரத்துக்கு ஐம்பத்தேழு ஸ்தாயி கீழே அமைந்த சுரம் என்று பத்திரிகைகள் எழுதின. கருந்துளை பாடுகின்றது என்ற அக்கூற்றிலே கவர்ச்சி மிகுதி. விஞ்ஞானப் பயன் வேறிடத்தில் உள்ளது. ஒலியலை சத்தியைச் சுமந்து செல்லவல்லது. நடுவிலே பிறக்கும் சத்தி பல்லாயிரம் ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள வாயுவை மென்மையாகவும் எத்திசையிலும் ஒரேயளவாகவும் சூடாக்குவது எவ்வாறு என்ற வினாவுக்கு அது ஒரு விடையாகலாம்.

குமிழிகள் இன்னொரு வகையிலும் பயன்பட்டன. சுற்றியுள்ள வாயுவின் அமுக்கத்தை எக்ஸ்-கதிரிலிருந்து கணிக்கலாம். குமிழியின் கனவளவைப் படத்திலிருந்து அளக்கலாம். அமுக்கத்தைக் கனவளவாற் பெருக்கினால், அக்குமிழியை ஊதுவதற்குச் செய்யப்பட்ட வேலை கிடைக்கும். பாடசாலைப் பௌதிகத்துக்கு அப்பாற்பட்ட எதுவும் இதில் இல்லை. ஆயினும் கருந்துளையின் தாரை கொண்டுசெல்லும் வலுவை நேராக அளப்பதற்கு இதைவிடச் சிறந்த வழி அதுவரை இருக்கவில்லை. 2005 இல் பிறையன் மக்னமாறாவும் பிறரும் எம்.எஸ். 0735 எனச் சுருக்கமாக வழங்கும் கொத்தில், ஒவ்வொன்றும் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட ஒளியாண்டு அகலமான இரு குழிவுகளை வெளியிட்டனர். நமது விண்மீன்மண்டலம் முழுவதையும் ஒரு குழிவினுள்ளே பன்முறை அடக்கலாம். பல கொத்துகளின் குழிவுகளை ஒப்பிட்ட ஆய்வுகளில், தாரைகளின் வலு வாயுவின் கதிர்வீச்சு இழப்போடு பொதுவாக ஒத்துச்செல்வது தெரியவந்தது. அதிகம் இழக்கும் கொத்தில் அதிகம் ஊட்டப்படுகின்றது.

இதன் வியப்பு அளவுகளை நோக்கும்போதே முழுமையாகப் புலப்படும். எம் 87 இன் கருந்துளை, 2019 ஏப்ரலில் அதன் நிழலுருவம் வெளியிடப்பட்டபோது, 650 கோடி ஞாயிறுகளின் திணிவுடையதென அளக்கப்பட்டது. அதன் எல்லையின் ஆரை, ஞாயிற்றிலிருந்து புளூட்டோவுக்குள்ள சராசரித் தூரத்தின் மூன்று மடங்கு சற்று மேற்பட்டதே. அவ்வளவிலான ஒன்று இலட்சக்கணக்கான ஒளியாண்டுப் பரப்பிலுள்ள வாயுவின் வெப்பத்தை எப்படி அறிந்து நடந்துகொள்கின்றது? நடுவில் வாயு மிகையாகக் குளிர்ந்தால் கருந்துளைக்கு இரை மிகுகின்றது. இரை மிகுந்தால் தாரைகள் வலுவடைகின்றன. தாரைகள் வலுவடைந்தால் வாயு சூடாகின்றது. சூடானால் இரை குறைகின்றது. இதனைப் பின்னூட்டம் என்பர். ஆயின், பெயரிட்டமையை விளக்கியமையாகக் கொள்ளுதல் பொருந்தாது. தாரையின் சத்தி வாயுவின் வெப்பமாக மாறும் வழி ஒலியலையா, கொந்தளிப்பா, அதிர்ச்சியலையா, குமிழிகள் வாயுவோடு கலத்தலா என்பது இன்றும் விவாதத்துக்குரியது. விதிவிலக்கும் உண்டு. 2012 இல் மக்டொனால்ட் என்பாரும் பிறரும் வெளியிட்ட பீனிக்ஸ் கொத்தின் நடுமண்டலத்தில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 740 ஞாயிறுகளின் திணிவுக்கு விண்மீன்கள் பிறப்பதாக அளக்கப்பட்டது. அங்கே பழைய கோட்பாடு கூறிய பாய்ச்சல், முழுமையாக அல்லாவிடினும், பெருமளவு நிகழ்ந்துகொண்டிருக்கின்றது.

கொந்தளிப்பே வழி எனில், வாயு எவ்வளவு வேகத்திற் கலங்குகின்றது என்பதை அளத்தல் வேண்டும். கலங்கும் வாயுவின் நிறமாலைக் கோடு சற்றே அகலும். அந்த அகலம் மிகச் சிறிது. செய்மதிகளில் வழக்கமாக இருந்த கருவிகள் அதற்கு முப்பது மடங்கு மந்தமானவை. தனியொரு எக்ஸ்-கதிர்த் துணிக்கை மோதும்போது எழும் வெப்பத்தையே அளக்கும் கலோரிமானி ஒன்றை அமைக்கலாம் என்று மோஸ்லி, மாதர், மக்கமன் ஆகியோர் 1984 இல் எழுதினர். அதற்குக் கருவியைத் தனிப்பூச்சியத்துக்கு மேல் ஒரு பாகையின் இருபதிலொரு பங்குவரை குளிர்விக்க வேண்டும். முதலில் இக்கருவி சந்திராவோடு பிறந்த அமெரிக்கத் திட்டத்தில் இடம்பெற்றிருந்தது. செலவு கருதி அப்பகுதி 1993 இற் கைவிடப்பட்டது. பின்னர் யப்பானியச் செய்மதியில் இடம் கிடைத்தது. அச்செய்மதி 2000 பெப்ரவரியில் ஏவப்பட்டு, சுற்றுப்பாதையை அடையாமலே அழிந்தது. அதற்குப் பதிலாக 2005 யூலையில் சுசாக்கு அனுப்பப்பட்டது. குளிரூட்டும் திரவ ஈலியம் ஏறத்தாழ ஒரு மாதத்தில் ஆவியாகி ஒழிந்தமையால், கலோரிமானி ஒரு கொத்தையேனும் காணாது செயலிழந்தது. மூன்றாவது முயற்சியாகிய ஹிற்றோமி 2016 பெப்ரவரி 17 இல் ஏவப்பட்டது.

ஹிற்றோமியின் கலோரிமானி செவ்வனே இயங்கியது. அதன் முதல் இலக்குகளுள் பேர்சியஸ் கொத்தும் ஒன்று. பெப்ரவரி இறுதியிலும் மார்ச்சுத் தொடக்கத்திலும் அது அக்கொத்தின் நடுவை நோக்கியது. மார்ச்சு 26 இல் செய்மதி சிதைந்தது. கலம் சுழலாதிருந்தபோதும் சுழல்வதாக அதன் திசையறி கருவி பிழையாகக் கணித்தது. அவ்வில்லாத சுழற்சியை நிறுத்தவென இயங்கிய சில்லுகள் கலத்தை உண்மையாகவே சுழலச்செய்தன. கலத்தைக் காக்கவென எரியூட்டப்பட்ட உந்துபொறிகளுக்குப் பிழையான எண்கள் கொடுக்கப்பட்டிருந்தமையால் சுழற்சி மேலும் விரைந்தது. ஞாயிற்றுத் தகடுகள் பிய்ந்தன. ஏப்ரல் 28 இல் மீட்பு முயற்சி கைவிடப்பட்டது. எஞ்சியது சில நாட்களின் பதிவே. ஆயின் அப்பதிவு போதுமானதாக இருந்தது. நடுவிலிருந்து ஏறத்தாழ ஒன்று முதல் இரண்டு இலட்சம் ஒளியாண்டு தொலைவிலுள்ள வாயு, செக்கனுக்கு 164 கிலோமீற்றர் வேகமளவில் மாத்திரம் கலங்குகின்றது என அதே ஆண்டு யூலையில் அறிவிக்கப்பட்டது. குமிழிகள் ஊதப்படும் இடத்துக்கு அவ்வளவு அண்மையில் இத்தகைய அமைதியைப் பலர் எதிர்பார்க்கவில்லை. கொந்தளிப்பின் அமுக்கம் வெப்ப அமுக்கத்தின் நூற்றுக்கு நான்கு பங்கே.

இம்முடிவு விவாதத்தைத் தீர்க்கவில்லை; இடம் மாற்றியது. இரினா சுறாவ்லேவாவும் பிறரும் 2014 இல் சந்திராவின் படங்களிலிருந்து கொந்தளிப்பு வெப்பமூட்டப் போதுமானது என்று காட்டியிருந்தனர். ஹிற்றோமி அளந்த வேகம் அக்கணிப்புக்கு முரணானதன்று. ஆனால் இவ்வளவு மெதுவான கொந்தளிப்பு தான் பிறந்த இடத்திலிருந்து வாயு குளிரும் இடம்வரை உரிய காலத்திற் சென்று சேருமா என்று பேபியனும் உடனாய்வாளரும் 2017 இல் வினவி, ஒலியலைகளே அவ்வேலைக்கு ஏற்றவை என வாதிட்டனர். கருந்துளைக்கு வெளியே ஒவ்வோர் இடத்திலும் வாயு எவ்வாறு அசைகின்றது என்பதை அளந்தாலன்றி இது முடிவுறாது.

அதற்கென யப்பானியரும் அமெரிக்கரும் நான்காவது தடவையாக அதே வகைக் கலோரிமானியை அமைத்து, எக்ஸ்றிசம் என்னும் செய்மதியில் 2023 செப்ரெம்பர் 7 இல் அனுப்பினர். அது இயங்கியது. செந்தோறஸ் கொத்தின் நடுவாயு செக்கனுக்கு 130 முதல் 310 கிலோமீற்றர் வேகத்தில் ஒருபுறமாக அலைந்து வீசுவதை 2025 இல் அது காட்டியது. கொத்துகள் முன்னொரு காலத்தில் ஒன்றோடொன்று மோதியதால் எழுந்த இத்தகைய அலைவும் வெப்பத்தைக் கலக்கவல்லது என்பதால், கருந்துளைக்கு ஒரு துணையும் இப்போது கணக்கிற் சேர்ந்துள்ளது. ஆயினும் இக்கருவிக்கும் ஒரு குறை நேர்ந்தது. ஏவலின்போது கருவியைக் காக்கவென அமைந்த கதவு, விண்வெளியிலே திறக்கப்பட முயன்றபோது திறக்கவில்லை. கதவிலுள்ள மெல்லிய பெரிலியத் தகட்டினூடாகவே அதன் முதல் ஆண்டுகளின் அவதானிப்புகள் யாவும் நிகழ்ந்தன. வலிமையான கதிர்கள் அத்தகட்டைக் கடக்கின்றன. ஏறத்தாழ 1.7 கிலோ இலத்திரன் வோல்ற்றுக்குக் குறைந்த மெல்லிய கதிர்கள் பெரும்பாலும் தடுக்கப்படுகின்றன. பதினாறு இலத்திரன்களை இழந்த இரும்பின் கோடுகள், குளிரும் வாயு இருப்பின் அதனைக் காட்டிக்கொடுக்கும் அக்கோடுகள், 0.8 கிலோ இலத்திரன் வோல்ற்றை அண்மித்தே அமைந்துள்ளன.